கை வீசி நடந்தவர்

அவர் வருகிறார் என்று தெரிந்தால் நான் முதலில் துண்டுகளை ஒளித்து வைப்பேன். மதுரை வில்லாபுரத்தில் எங்களுடையது இரண்டே அறை உள்ள வாடகை வீடு. ஒளித்து வைக்க இடமெல்லாம் கிடையாது. அரிசி டிரம்முக்குப் பின்னால் சுருட்டிச் செருகிவிட்டு, கொடியில் கிழிந்த துண்டு ஒன்றை மட்டும் தொங்க விடுவேன். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "என்ன கொழுந்தியா, வீட்ல நல்ல துண்டே இல்லையா?" என்பார். பிறகு அவராகவே தேடுவார். நேராக அரிசி டிரம்முக்குத்தான் போவார்.

அந்தத் துண்டால் தலையைத் துவட்டுவார். அக்குளைத் துடைப்பார். பாதத்தின் விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் துண்டைக் கொடுத்து இழுப்பார். கடைசியாக அதே துண்டில் மூக்கைச் சிந்திவிட்டுக் கொடியில் போடாமல் கட்டிலில் போடுவார். எங்கள் கட்டிலில்.

என் அக்காவின் புருஷன் அவர். பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை.

பம்புசெட் கம்பெனி ஒன்றுக்கு ஏஜெண்டாக இருந்தார். பேரையூரில் வீடும் கடையும். சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் கிணற்றுக்கு மோட்டார் போடுகிற சம்சாரி எல்லாரும் அவரிடம்தான் வரவேண்டும். மாதம் ஒரு தரம் மெட்ராஸில் மீட்டிங். கம்பெனி பிளேன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. பிளேனில் போன ஆளை எங்கள் பக்கத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது. ஏர்போர்ட்டு எங்கள் பக்கத்து அவனியாபுரத்தைத் தாண்டி இருந்ததால், முதல் நாள் மாலையே பேரையூர் பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் பிளேன் ஏறுவார். என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போகும் முன் அவரைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து ஏர்போர்ட்டு வரை மிதித்துக் கொண்டு போய் விடுவார். ஆள் நல்ல பருமன். வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாகக் கேரியரில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்திருப்பதைத் தெருவே வேடிக்கை பார்க்கும். திரும்பி வரும்போது என் வீட்டுக்காரரின் பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருக்கும்.

பயணம் என்றால் கை வீசிக்கொண்டு போய்க் கை வீசிக்கொண்டு வரவேண்டும் என்பது அவருடைய கொள்கை. "மெட்ராஸ்ல எறங்குனதும் எல்லாப் பயலும் பெட்டிக்காகக் காத்துக் கெடப்பான். நான் தோள்ல பையப் போட்டு விறுவிறுன்னு வெளிய வந்துருவேன்ல" என்று சொல்லும்போது முகமெல்லாம் பூரித்துவிடும். பைக்குள் ஒரு மாற்றுச் சட்டை, டிக்கெட், கூலிங் கிளாஸ் கூடு. அவ்வளவுதான். சோப்பு, பற்பசை, எண்ணெய், சீப்பு, ராத்திரி கட்டிக்கொள்ள வேட்டி எல்லாம் போகிற வீடுகளில் இருக்கும். இல்லாத வீட்டுக்கு அவர் போவதில்லை. அவர் தேய்த்த சோப்பில் முடி ஒட்டியிருக்கும். அதை நகத்தால் சுரண்டி எடுப்பது என் வேலை. தண்ணீர்ச் செம்பை உதட்டில் வைத்துக் குடித்துவிட்டு மிச்சத்தைப் பானையிலேயே ஊற்றுவார். ஒருநாள் அவர் பல் விளக்கிவிட்டு வந்த பிறகு என் வீட்டுக்காரர் பிரஷ்ஷை எடுத்தார். அது ஈரமாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குச் சாம்பலை எடுத்துத்தான் பல் விளக்கினார்.

அவருக்குப் பை வாங்கப் போன கதையைச் சொல்ல வேண்டும். முதலில் அவரிடம் ரெக்ஸின் ஏர்பேக் ஒன்று இருந்தது. அதன் பிடியில் ஏர்போர்ட்டில் கட்டிய காகிதச் சீட்டை அவர் அவிழ்ப்பதே இல்லை. ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டுமே. அந்தப் பை கனக்கிறது என்று ஒருநாள் தோன்றிவிட்டது. என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு மேலமாசி வீதிக்குப் போனார். பைக்கடை பாய் என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். நான் சேலைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்திருந்ததை வாங்கப் போனவள் அவர்களோடு போய் மாட்டிக்கொண்டேன்.

கடையில் இருந்த பைகளை எல்லாம் இறக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தார். கான்வாஸ் கனம். ரெக்ஸின் கனம். சணல் நனைந்தால் கனம். உள்ளே அட்டை வைத்துத் தைத்திருந்தால் அட்டை கனம். ஜிப் மூன்று இருந்தால் இரண்டு ஜிப் வீண் கனம். பிளேனில் சீட்டுக்கு அடியில் போக வேண்டும், தோளிலும் மாட்ட வேண்டும், முதுகிலும் மாட்ட வேண்டும், மழையில் நனையக் கூடாது, கையில் இருப்பதே தெரியக் கூடாது. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எதிர்த்த மளிகைக்கடைக்குப் போய்த் தராசில் போட்டு எடைகூடப் பார்த்துவிட்டு வந்தார். பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, துணியில தச்ச பைதான் எங்ககிட்ட இருக்கு. காத்துல தச்ச பை வேணும்னா வேற கடை பாருங்க" என்றார்.

இவர் சிரித்தார். ஒரு பையை எடுத்துக்கொண்டார். அதை மெட்ராஸுக்குக் கொண்டுபோய் வந்து, அடியில் சாம்பார்க் கறையோடு, "வார் சரியில்ல பாய்" என்று திருப்பிக் கொடுத்தார். வேறொன்று எடுத்தார். அதையும் அப்படியே. மூன்றாவது தடவை பாய் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாப்ள, இனிமே இவரைக் கூட்டிட்டு வராத" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு மேலமாசி வீதியில் அந்தப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டார்.

கடைசியில் அவருக்குப் பை கிடைத்தது கடையில் அல்ல. டவுன்ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜ் வாசலில். கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் படிக்கட்டில் சுருண்டு கிடந்தான். ஏதோ தின்றது ஒத்துக்கொள்ளாமல் வாந்தியும் பேதியும். லாட்ஜ்காரர் ரிக்ஷா பிடிக்க ஆள் அனுப்பியிருந்தார். அவன் தலைமாட்டில் ஒரு நீல நைலான் பை இருந்தது. இவர் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போகிறார் என்றுதான் என் வீட்டுக்காரர் நினைத்தாராம். இவர் பையின் வாரைத் தொட்டுப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இங்க பாரு. பூ மாதிரி இருக்கு!"

அந்தப் பையனிடம் கைஜாடையில் ஏதோ கேட்டார். அவன் கண்ணைத் திறந்தானே தவிர என்ன புரிந்ததோ தெரியாது. தலையை ஆட்டினான், அல்லது தலை தானாக ஆடியது. இவர் அவன் சட்டைப் பையில் சில நோட்டுகளைச் செருகிவிட்டு, பைக்குள் இருந்த துணிமணிகளைப் படிக்கட்டிலேயே கொட்டினார். தன்னிடம் இருந்த மஞ்சள் பையில் அவற்றை அள்ளிப் போட்டு அவன் தலைக்கு அண்டக்கொடுத்தார். ரிக்ஷா வந்தபோது பையனை இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றியவர்கள் என் வீட்டுக்காரரும் லாட்ஜ்காரரும்.

"நீங்க சும்மா நின்னு பாத்துக்கிட்டா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"என்னமோ பேசணும்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள கொட்டிட்டாருடி" என்றார்.

அந்தப் பையை எங்கள் வீட்டில் வைத்துத்தான் துவைக்கச் சொன்னார். முழுக்க வாந்தி நாற்றம். நான் தொட மாட்டேன் என்றேன். அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அக்கா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மூக்கைப் பொத்திக்கொள்ளக்கூட இல்லை. காய்ந்த பிறகு அவர் அதைச் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் காட்டினார். "கையில இருக்கது தெரியுதா? தெரியாது. அம்புட்டு லேசு."

என் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது அவரைப் பற்றிய கதையாக இருக்காது. அவர் வீசுகிற கை அவளுடைய கையால்தான் சும்மா இருந்தது. திருச்செந்தூருக்கு ஒருமுறை எல்லாருமாகப் போனோம். பஸ் வந்ததும் அவர் ஜன்னல் வழியாக நீலப் பையைச் சீட்டில் எறிந்து இடம் பிடித்தார். ஒரு சீட்டு. அவருக்கு. சோற்று வாளி, தண்ணீர்க் கேன், துணிப்பெட்டி மூன்றையும் ஏற்றிவிட்டு அக்கா கோவில்பட்டி வரை நின்றுகொண்டே வந்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பஸ்ஸில் யாரோ அதைப் பற்றி விசாரித்தார்கள். "அதுவும் ஒரு வசதிதான். பிள்ள குட்டின்னா மூட்ட கூடிப்போகும்" என்று சொல்லிச் சிரித்தார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

ஒரு வருஷம் கழித்து அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மதுரையில் எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சுக்குள் ஒரு கட்டி. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு மறுபடி எடுத்தபோது பெரிதாகத் தெரிந்தது. மதுரை டாக்டர் பொறுமையாக விளக்கினார். மெட்ராஸில் இதற்கென்றே ஒரு சர்ஜன் இருக்கிறார். இரண்டு படத்தையும் முதலில் அவர் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் மறுநாளே பெட் கொடுத்துவிடுவார்.

"புதுப் படம் போனாக்கூட வேற எடுத்துக்கலாம். பழைய படம் பத்திரம். கட்டி என்ன வேகத்துல வளருதுன்னு அதை வச்சுத்தான் சொல்ல முடியும்" என்றார்.

அந்த வாரம் மச்சானுக்கு மீட்டிங் இருந்தது. அவர் பிளேனில் முன்னால் போய் மாலையில் சர்ஜனிடம் படங்களைக் காட்டுவது, நானும் அக்காவும் மறுநாள் ரயிலில் போய்ச் சேருவது என்று முடிவாயிற்று. காலண்டர் அட்டை இரண்டை வெட்டி, நடுவில் படங்களை வைத்து, பெரிய கவரில் போட்டு, நூல் சுற்றி நானே கட்டிக் கொடுத்தேன்.

"இம்புட்டுப் பெருசாவா?" என்றார்.

"மடிக்கக் கூடாது மச்சான். பழைய படம் போச்சுன்னா வேற கெடைக்காது."

"எனக்குத் தெரியாதா? கையிலயே வச்சுக்கிறேன்."

கேரியரில் ஏறி உட்காரும்போது கவர் கையில்தான் இருந்தது. தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் நீலப் பை. கையில் கவரைக் காணோம். சர்ஜனைப் பார்த்தாரா என்று கேட்டேன். மீட்டிங் முடிய நேரமாகிவிட்டதாம், பிறகு கம்பெனிக்காரர்கள் சாப்பிடக் கூட்டிப் போய்விட்டார்களாம். "நாளைக்குக் காலையில காட்டிக்கிட்டாப் போச்சு" என்றார்.

காலையில் சர்ஜன் அறைக்குள் மூன்று பேரும் போனோம். அவர் ஜிப்பைத் திறந்தார். மாற்றுச் சட்டைக்கு அடியிலிருந்து ஒரு சதுரமான பொட்டலத்தை எடுத்தார். இரண்டு படமும் சேர்ந்து நான்காக மடிந்திருந்தன. பிரித்தபோது படபடவென்று சத்தம் கேட்டது. சர்ஜன் அவற்றை வெளிச்சத்தில் பிடித்தார். குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடு. மடிப்பு இரண்டும் சந்தித்த இடத்தில் மருந்து உதிர்ந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்துப் போயிருந்தது. கட்டி இருந்த இடம் அதுதான்.

"யார் மடிச்சது?" என்றார். சத்தம் போடவில்லை.

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டுப் பொம்பளைக சார். மடிச்சுக் கட்டிக் குடுத்துருச்சுக. வெவரம் பத்தாது."

வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"நான்தான் சார் மடிச்சேன்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நம்பினாரா இல்லையா தெரியாது. புதிதாகப் படம் எடுக்க வேண்டும், பழையது இல்லாததால் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தி வைக்க முடியும் என்றார். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெட்டில் வேறொரு நோயாளி படுத்தார்.

வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "நீ ஏண்டி அப்படிச் சொன்ன? நான் கட்டிக் குடுத்ததை நீயும்தானே பாத்த?"

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்கார்ந்துதான் பேசினாள். "டாக்டரு நாலு வார்த்த வஞ்சிருந்தா, அவரு அந்த ரோசத்துலயே பையத் தூக்கிட்டு ஊருக்குப் போயிருவாரு. ஆப்ரேசனுக்குப் புருசன் கையெழுத்து வேணுமாம்ல. அதுக்காவது இருக்கட்டும்."

மச்சான் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை பிளேனிலேயே கிளம்பிவிட்டார். ரிட்டர்ன் டிக்கெட் போட்டாயிற்றாம், தான் இருந்து என்ன செய்யப் போகிறாராம். போகும்போது, போட்டுக் கழற்றிய சட்டையைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். "பைக்குள்ள வச்சா நாறும். ஊருக்கு வரும்போது அலசிக் கொண்டாந்துரு கொழுந்தியா."

கழுத்துப் பட்டையில் கறுப்பாக அழுக்கு. வியர்வையில் ஊறி இன்னும் சூடாகக்கூட இருந்தது. அவர் ஆட்டோ ஏறியதும், வராந்தா துடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம் போய், "இது துடைக்க ஆகுமா பாருங்க" என்று கொடுத்தேன். அந்தம்மா உதறிப் பார்த்து, "நல்ல சட்டையாச்சே" என்றார். "பரவாயில்ல, தொடைங்க" என்றேன். அந்த வராந்தாவில் நாங்கள் கிடந்த நாளெல்லாம் அந்தச் சட்டை பினாயில் வாளிக்குள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

பத்து நாளுக்கு மேல் காத்திருந்தோம். ஒவ்வொரு ராத்திரியும் அக்கா படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். என் வீட்டுக்காரர் மில்லில் லீவு போட்டு ரயிலில் வந்து சேர்ந்தார். ஆப்ரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் வந்து சொன்னபோது, என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். அக்காவுக்கு அவர் தங்கச்சி புருஷன், அவ்வளவுதான் உறவு. பேரையூருக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னோம். "சரி, சரி. நல்லதாப் போச்சு. பாத்துக்கங்க" என்று மச்சான் குரல் கேட்டது.

அக்காவை வில்லாபுரத்துக்கே கூட்டிவந்தோம். அந்த இரண்டு மாதமும் மச்சான் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மெட்ராஸ் போகாமல் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் தங்கிப் போனாராம். நோவாளி இருக்கிற வீட்டில் எப்படித் தங்குவது என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். ஆனால் அக்கா காத்திருந்தாள். இதைச் சொல்லத்தான் எனக்கு இன்றைக்கும் மனசு கசக்கிறது. பிளேன் போகிற சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய் நிற்பாள். தட்டில் போட்ட சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம் மெட்ராஸிலிருந்து திரும்புகிற வழியில் வந்தார். அக்கா சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டே பேசினார்.

"நடக்க முடியுதுல்ல? அப்பக் கெளம்பு. மூணு மணி பஸ்ஸப் புடிச்சிருவோம். கடையில சமையக்காரன் சோறு வாய்ல வைக்க முடியல. பெட்டியத் தூக்கிக்க."

"மச்சான், கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன்.

"அப்பத் தம்பி பொறகாலே கொண்டாந்து விடட்டும்."

அக்கா தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "எங்க அறுத்தாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"என்ன?"

"எந்தப் பக்கம் அறுத்தாங்க? வலப்பக்கமா, எடப்பக்கமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக் கொடுப்பேன் என்று நினைத்தார் போல. நான் சுவரைப் பார்த்தேன்.

"அதான் சரியாப் போச்சுல்ல. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? நேரமாகுது" என்று வாட்சைப் பார்த்தார்.

"நான் வரல" என்றாள் அக்கா.

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம்கூட இல்லாமல், பாலுக்காரரிடம் இன்றைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னாள். அவர் நிலைப்படியைத் தாண்டவில்லை. உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அக்கா போயிருப்பாளோ என்று எனக்கு அப்போது பயமாகத்தான் இருந்தது. அவர் என்னிடம், "கோவத்துல இருக்கா. நாலு நாள் கழிச்சு அனுப்பி விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். நாங்கள் அனுப்பவில்லை. அவரும் கூப்பிட வரவில்லை, ஒரு ஆளையும் அனுப்பவில்லை. அக்கா அதற்குப் பிறகு எங்களோடு இருந்தது இருபது வருஷத்துக்கு மேல்.

ஆனால் அன்றைக்கு அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அவர் போன பிறகு அக்கா அழப் போகிறாள் என்று நினைத்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். அவள் தட்டில் இருந்ததை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். விரலை வழித்தாள். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"சோறு இன்னும் இருக்காடி?"

பானையைச் சாய்த்து அடியில் இருந்ததையெல்லாம் அவள் தட்டில் போட்டேன்.